புதைத்த ஜட்டி

"கையை எடு அங்கேயிருந்து!"

ஜெனல் போட்ட சத்தத்தில், வயலோரம் கிடந்த நாய் எழுந்து நின்றது.

அவள் வகுப்புத் தோழன் ட்ராவிஸும்தான். முழங்கால் முழுக்க மண். டார்லாவின் வயலில் அடையாளத்துக்கு நட்டிருந்த சிவப்புத் துணிக் கொடிக்குப் பக்கத்தில் புதிதாகக் கிளறிய தடம். அவன் தோள்பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்று எட்டிப் பார்த்தது.

"ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி மாத்தி வைக்க வந்தியா? வெட்கமா இல்ல?"

"தோண்டட்டும் ஜெனல். அப்புறம் பேசு."

"பேசத்தான் போறேன். எல்லார் முன்னாடியும்!"

ஜெனலின் கோபம் நியாயமானதுதான். அந்தச் சோதனைக்குப் பொறுப்பு அவள்.

அயோவா கல்லூரியில் சூழலியல் வகுப்பின் முதல் நாளே பேராசிரியர் ஹாகன் சொல்லிவிட்டார்: "மண்ணுன்னா வெறும் தூசி இல்ல. உயிருள்ள ஊர். ஒரு பிடி மண்ணுல கோடிக்கணக்கான ஜீவன் இருக்கு. சந்தேகமா? ஒரு பருத்தி ஜட்டியைப் புதைச்சு, ரெண்டு மாசம் கழிச்சுத் தோண்டிப் பாருங்க. மண்ணுக்கு உயிர் இருந்தா துணியைத் தின்னுட்டு எலாஸ்டிக்கை மட்டும் விட்டு வைக்கும். செத்த மண்ணா இருந்தா, துவைச்சு மறுபடி மாட்டிக்கலாம்!"

அப்படித்தான் கோடைத் தொடக்கத்தில் ஒரு ஜட்டி டார்லாவின் வயலுக்குள் போனது. இன்னொன்று வேலிக்கு அந்தப் பக்கம், அவள் கொழுந்தன் வென்டெலின் வயலுக்குள்.

கணவர் இறந்த பிறகு டார்லா உழவை நிறுத்தியிருந்தாள். அறுவடை முடிந்த தட்டையை அப்படியே விட்டு, குளிர்காலத்தில் மண்ணை மூட ரை புல் விதைத்தாள். முதல் இரண்டு வருஷம் விளைச்சல் விழுந்தது. காபிக் கடையில் வென்டெலுக்கு அதுதான் பேச்சு.

"அண்ணி, அது வயலா, இல்ல பாம்புப் பண்ணையா?"

"சிரிங்க, சிரிங்க," என்பாள் டார்லா. ஆனால் ஜெனலிடம் ஒருநாள் சொன்னாள்: "துணி முழுசா வந்துச்சுன்னா நிலத்தை வித்துட்டு ஒமாஹாவுல தங்கச்சி வீட்டோட போயிடுவேன். போதும்."

பத்து மணிக்குள் ஊரே கூடிவிட்டது. வென்டெலின் மனைவி ஆர்லிஸ் மேசை போட்டு கேக் வெட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் வென்டெலின் குழி. கட்டி கட்டியாகப் பெயர்ந்தது மண். துணி பழுப்பேறி, ஆனால் ஒரு ஓட்டைகூட இல்லாமல் வந்தது.

"அலசிப் போட்டா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கே போகலாம்!" யாரோ கத்த, கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"என்னோடதே இப்படின்னா அண்ணியோடது கடையில வாங்கினப்போ இருந்ததைவிடப் புதுசா இருக்கும்!" என்றார் வென்டெல், எல்லாரையும்விடச் சத்தமாக.

டார்லா மண்வெட்டியை எடுத்தாள்.

"நிறுத்துங்க!" ஜெனல் முன்னால் வந்தாள். "ட்ராவிஸ் காலையில இந்தக் குழியைக் கிளறினான். நானே பார்த்தேன்."

சிரிப்பு நின்றது. டார்லாவின் முகம் வெளிறிப் போயிற்று.

"நிஜமாப்பா?"

ட்ராவிஸ் தலைகுனிந்தான். "கிளறினது நிஜம். நீங்க தோண்டுங்க."

தோண்டினாள். கறுப்பு மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மழை பெய்த மாதிரி ஒரு வாசம். மண்புழுக்கள் நெளிந்தன. நடுவில் ஒரு வளையம். வெறும் எலாஸ்டிக்.

யாரும் கைதட்டவில்லை. எல்லார் கண்ணும் ட்ராவிஸ் மேல்.

ஜெனல் வளையத்தைப் பிடுங்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அழியாத மையில் அவள் கைப்பட எழுதிய டார்லாவின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. பேராசிரியர் குனிந்து பார்த்தார்.

"எலாஸ்டிக் இழைக்குள்ள சோயா வேர் பின்னிக் கிடக்கு பாரும்மா. இது இன்னைக்குக் காலையில முளைச்சதில்ல. அசல்தான்!"

அவ்வளவுதான். தொப்பிகள் பறந்தன. டார்லா அந்த எலாஸ்டிக்கை வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டு குதித்தாள். அழுதாள். மறுபடி குதித்தாள். "ஒமாஹாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

ஜெனலுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ட்ராவிஸிடம் போனாள்.

"அப்போ உன் பையில இருக்கறது?"

"மாத்தி வைக்கத்தான் வந்தேன். ஓரமாக் கிளறினா எலாஸ்டிக்தான் தட்டுப்படுது, துணியையே காணோம். மூடிட்டேன்." அவன் வெட்கத்தோடு சிரித்தான். "மண்ணு நம்ம உதவியெல்லாம் கேக்கல."

பையிலிருந்து அதை உருவினான். பழைய வெள்ளை ஜட்டி. ஓட்டை ஓட்டையாகக் கத்தரித்து, மண்ணில் புரட்டி எடுத்தது. இரண்டு ட்ராவிஸ் உள்ளே போகலாம், அவ்வளவு பெரிசு.

"இது உன்னோடது இல்லையே! யார் குடுத்தா?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். டார்லா ஊரைவிட்டுப் போறதை அவரால தாங்க முடியாதாம்."

மேசைப் பக்கம் கத்தி விழுந்த சத்தம் கேட்டது.

"வென்டெல்!" ஆர்லிஸின் குரல் வயலின் அந்தக் கோடிவரை போயிற்று. "இதைத்தானே நேத்து முழுக்கத் துணிக்கொடியில தேடிட்டிருந்தேன்?"