அசல் பதிப்பு

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபிறகு சிவஞானம், கழுத்தில் பொருத்திய குரல்பெட்டியால்தான் பேசினார். அதில் திருட்டு மென்பொருளை ஏற்றியவள் மகள் மதிவதனி. "எல்லாரும் இதைத்தாம்ப்பா போடுறாங்க" என்றாள் அப்போது.

மூத்த பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் அவர் வாழ்த்திப் பேச எழுந்தார். "நீங்க ரெண்டு பேரும்" என்று தொடங்கியதுமே கழுத்திலிருந்து யாரோ ஒரு பெண்ணின் குரல் கேட்டது: "இந்தக் குரல் அசல் அல்ல. அசல் பதிப்பை நிறுவவும்." மண்டபமே சிரித்தது. அவர் துண்டால் கழுத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

மறுநாள் மதிவதனி அவரைக் குரல்பெட்டிச் சேவை மையத்துக்கு அழைத்துப்போனாள். அங்கிருந்த பெண் திரையைக் காட்டினாள். "வீட்டுப் பதிப்புன்னா வீட்டுக்குள்ள மட்டும் பேசலாம். முழுப் பதிப்புன்னா எங்க வேணா பேசலாம். எது வேணும்?"

சிவஞானம் வீட்டுப் பதிப்பைத் தொட்டார். வெளியே பேசும் ஆசையே அவருக்கு விட்டுப்போயிருந்தது. மதிவதனி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், "முழுசே போடுங்க" என்றாள்.

பழையதை அழித்துப் புதியதை ஏற்றி முடித்த பெண் கடிந்துகொண்டாள். "தொண்டைக்குப் போய் யாராவது திருட்டுக் காப்பி போடுவாங்களா? யாரு போட்டது?"

மதிவதனி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் அப்பாவின் புதுக் குரல் தெளிவாகக் கேட்டது.

"நான்தாம்மா போட்டேன். எம்பொண்ணு வேண்டாம்னுதான் சொன்னா."

"பொண்ணு பேச்சைக் கேக்கக் கூடாதா, ஐயா?" என்றாள் அந்தப் பெண்.

மதிவதனி தலைகுனிந்து நின்றாள்.