நிலாவுக்குப் போன கூட்ஸ்

"எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிய்யா!" என்றார் கார்டு மோசஸ்.

கேட் கீப்பர் கலியன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"இன்னா சார் பேசற? ஏழெட்டு வருசமா சொல்லிக்கினு வர்ற கதை. அழிக்கறதுக்கு அது இன்னா சிலேட்டுப் பலகையா?"

கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, சுற்றிலும் வயலைத் தவிர வேறெதுவும் இல்லாத ரயில்வே கேட் அது. மனைவி பூவம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருந்துவிட்டாள். கலியனோடு பேச மாட்டு வண்டிக்காரர்கள்தான் மிச்சம். அவர்களும் "கேட்டைத் தொற" என்பதற்கு மேல் பேசியதில்லை.

மத்தியானம் வரும் கூட்ஸ் வண்டிக்கு மட்டும் ஒரு வியாதி. பெட்டிகளை எப்படி மாற்றிக் கோத்தாலும், சரியாக இந்தக் கேட்டருகே ஏதாவது ஒரு சக்கரத்து அச்சு சூடாகிவிடும். மோசஸ் கடைசிப் பெட்டியில் பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்துவார். இறங்கி வந்து, அச்சு ஆறும்வரை கலியனோடு டீ குடிப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் கலியன் மீதிப் பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

கதையும் அங்கேதான் பிறந்தது. திருவள்ளூரிலிருந்து நிலாவுக்கு ஒரு ரயில். அதன் டிரைவர் வீரராகவன். முதலில் நிலா வரைக்கும்தான் தண்டவாளம் இருந்தது. மோசஸ் "அப்பறம்?" "அப்பறம்?" என்று கேட்கக் கேட்க, செவ்வாய்க்கு ஒரு கிளைப் பாதை பிரிந்தது. சனிக் கிரகத்து வளையத்தில் லூப் லைன் போட்டாயிற்று.

"நீயே பாருய்யா. வீரராகவன் மூணு தபா செத்தான். மூணு தபாவும் மறுநாளே வண்டி ஓட்டறான்."

"மாத்தி விட ஆள் வர்றதுக்குள்ள டூட்டில இருக்கறவன் சாவலாமா சார்?"

"அரவிந்தவல்லி அவன் பொஞ்சாதி. போன மாசம் கேட்டா, அவனுக்கே பாட்டிங்கற!"

"அது காலம் பின்னால போற லைன். அந்த வண்டில ஏறிப் பொண்ணு பார்க்கப் போனா அப்படித்தான் ஆவும்."

"சரி, இப்ப நெசமாவே நிலாவுல மனுசன் எறங்கிட்டான். ஆளும் இல்ல, தண்ணியும் இல்ல, வெறும் மண்ணுன்னு பேப்பர்ல போட்டுக்கீறான். உன் நிலாவுல ஆறு பிளாட்பாரம், ஒரு வடைக் கடை!"

கலியன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அதுக்கு முந்தின வாரம்தானே சார் அமாவாசை? நிலா சனம் பூரா வேண்டுதலுக்கு திருவள்ளூர் கோயில் குளத்துல வெல்லம் கரைக்க வந்துடுச்சி. ரிட்டர்ன்ல கூட்டம் தாங்கல, ஊர் போய்ச் சேர ஒரு வாரம் ஆச்சி. ஊரே காலியா இருந்தப்ப எறங்கிட்டு, ஆளே இல்லன்னா எப்படி?"

மற்ற நாளாக இருந்தால் மோசஸ் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். இன்று சிரிக்கவில்லை.

"எனக்குப் புரியுது கலியா. நாளைக்குப் புதுசா ஒருத்தன் வந்து நின்னா? அவனுக்கு வளையமும் தெரியாது, வல்லியும் தெரியாது. முதல் ஸ்டேஷன்லேர்ந்து சொன்னாத்தானே அவனும் ஏறிக்குவான்?"

"இங்க புதுசா எவன் வர்றான்? நீ ஒருத்தன்தானே சார்!"

 மோசஸ், சூடாகிவிட்டதாகத் தான் சொன்ன அச்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வயலையே பார்த்தார்.

கலியன் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"பூவம்மா செத்த வாரம், நான் வாயே தொறக்கல. 'வீரராகவன் இன்னா ஆனான்?'னு நீதான் விடாம கேட்ட. அன்னிக்குத்தான் அவன் முதத் தபா பொழைச்சு எழுந்து வந்தான். அதையும் அழிச்சிடறதா சார்?"

"நடந்ததை யாருய்யா அழிக்க முடியும்? அது என்னாண்ட பத்திரமா இருக்கும். புதுசா வர்றவனுக்கு நீ புதுசா சொல்லு."

மோசஸ் கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை. கொடியைக் காட்டி, விசிலை ஊதி, ஏறிப் போய்விட்டார்.

அன்று முழுக்கக் கலியன் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தான். விடிந்ததும் கோபம் வடிந்துவிட்டது. இருப்பது ஒரே ஒரு ஆள், அவர் கேட்காமல் கதை எதற்கு? மனசைக் கல்லாக்கிக்கொண்டு சனியின் லூப் லைனைப் பிடுங்கினான். செவ்வாயை மூடினான். அரவிந்தவல்லியை மறுபடியும் கல்யாணம் ஆகாத பெண்ணாக்கித் திருவள்ளூருக்கே அனுப்பிவைத்தான். வெறும் தண்டவாளத்தில் ஒற்றை எஞ்சினை நிறுத்தி, 'தை அமாவாசை அன்னிக்கு, திருவள்ளூர் ஸ்டேஷன்ல ஒரு எஞ்சின் வானத்தைப் பார்த்து நின்னுக்கினு இருந்திச்சி' என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். நன்றாகத்தான் இருந்தது. மோசஸ் சிரிப்பார்.

மத்தியானம், கேட்டைச் சாத்திவிட்டு, இரண்டு கிளாஸ் டீயோடு நின்றான்.

எஞ்சின் போயிற்று. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. பிரேக் பிடிக்கும் கிறீச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கடைசிப் பெட்டி வந்தது. அதன் வாசலில், பச்சைக் கொடியோடு, கண்ணாடி போட்ட வேறொரு கார்டு.

டீ சிந்தச் சிந்தக் கலியன் வண்டியோடு ஓடினான்.

"சார்! நிக்கலியா? அச்சு சூடாவலியா?"

புதிய கார்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"மோசஸ் சார் நேத்தோட ரிடையர்டு, பெரியவரே! அச்சு சூடாவறதும் அவரோடயே ரிடையராயிடுச்சி!"