பத்தரைக் கிலோ மஹி மஹி

விஜேந்திரன் ஒரு கையால் தூண்டில் கம்பையும் இன்னொரு கையால் தன் மீசையையும் பிடித்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு கையாலயும் கம்பப் புடிங்க தம்பி. மீச எங்கயும் ஓடாது," என்றார் படகோட்டி றவூப்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஓடப்போவதே அந்த மீசைதானே. யார் பிடிக்கும் மஹி மஹி மீன் எடை குறைவோ அவர் மீசையை எடுக்க வேண்டும் என்பதுதான் பந்தயம். எதிராளி, தங்கை புருசன் நிமலன். பொத்துவில் ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்களை நடுக்கடலுக்குத் தூண்டில் போடக் கூட்டிப்போவதே அவன் வேலை.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பண்டாரவளை மரக்கறிக் கடையில் நிற்கிறவனுக்கு இந்த வம்பு தேவையா? தேவையே இல்லை. ஆனால் போன தீபாவளிக்கு வந்த நிமலன், "மலையில உள்ளவங்களுக்கு டின்மீன் தொறக்க மட்டுந்தான் தெரியும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். ரோசம் வந்துவிட்டது.

மீசை இல்லாமல் லயத்து வீட்டுக்குப் போனால், யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு தோட்டமே வாசலில் வந்து நிற்கும். அப்பா வேறு குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறார்.

நிமலன் விடிந்ததுமே ஒன்றைப் பிடித்துப் போட்டுவிட்டான். அது சாக்கின் மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"போவமா மச்சான்? சவரக்கத்தி ரூம்லதான் இருக்கு," என்றான் பல்லைக் காட்டியபடி.

அந்த நேரம் பார்த்து விஜேந்திரனின் கம்பு வளைந்தது. தூரத்தில் ஒரு மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது. பச்சையும் மஞ்சளும் நீலமுமாக, தேருக்குச் சோடித்த மாதிரி இருந்தது.

கால் மணி நேரம் அவன் இழுத்தான், மீன் இழுத்தது. நடுவில் காலையில் தின்ற ரொட்டியும் கட்டச்சம்பலும் கடலுக்குள் போயின. மீசையை நினைத்துக்கொண்டு கம்பை விடாமல் இழுத்தான். மீன் படகுக்குள் வந்து விழுந்ததும் பிள்ளையைப் போல அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நிறம் மங்கத் தொடங்கியது.

"என்னாங்க இது, சாயம் போவுது?"

"மஹி மஹி அப்பிடித்தான் தம்பி. உசிரு போனா நிறமும் போயிரும்."

அதெப்படி விடுவது? தோட்டத்துக்கே காட்டப் போட்டோ எடுக்க வேண்டாமா? கரை சேரும்வரை வாளி வாளியாகக் கடல் தண்ணீரை அள்ளி மீன்மேல் ஊற்றிக்கொண்டே வந்தான். நிறம் திரும்பவில்லை. அவனும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

கரையில் மாமனார் ரெங்கசாமி காத்திருந்தார். தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்தை எடைபோட்டு ஓய்வு பெற்றவர். பழைய தொங்குதராசைப் பசறையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, ஒரு மரக்கிளையில் கட்டி வைத்திருந்தார்.

"உன் மாமனாரே நிறுத்தா எப்பிடி மச்சான் நியாயம் கிடைக்கும்?" என்று முனகினான் நிமலன்.

"அவரு பொஞ்சாதி பறிச்ச கொழுந்துக்கே எரக்கம் பாக்காத மனுசன். நீ பயப்புடாத," என்றான் விஜேந்திரன். உள்ளுக்குள் மட்டும், சொந்த மகளின் புருசன் மீசையை எந்த மாமனார் எடுக்க விடுவார் என்று ஒரு தெம்பு.

நிமலனின் மீனைத் தொங்கவிட்டார்கள். முள் ஒன்பது கிலோவில் நின்றது.

விஜேந்திரனின் மீன் சொட்டச் சொட்டத் தொங்கியது. முள் பத்தரைக்குப் போனது. ரெங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மீனை ஒரு தடவை தடவியும் பார்த்தார்.

விஜேந்திரன் மணலில் ஒரு ஆட்டமே போட்டுவிட்டான். மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி விட்டுக்கொண்டு, "சவரக்கத்திய எடுத்துட்டு வா மச்சான், நானே எடுத்து விடுறேன்," என்றான். நிமலன் முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்பிள, கொஞ்சம் நில்லுங்க," என்றார் ரெங்கசாமி. "ஜெயிச்சது நிமலன் தம்பி."

"என்னா மாமா சொல்றீங்க? முள்ளு பத்தரையில நிக்கிதே?"

"நிக்கிதுதான். ஆனா மழைக் கொழுந்து கணக்கா சொட்டுதே மாப்பிள, ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டேன்."