தலைக்கு உரியவர்

"மாமா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இன்னிக்கு ஒருநாள் உங்க வீம்பை மூட்டை கட்டி வைங்க" என்றாள் மருமகள் குல்சிரா.

"வேலை கொடுக்கப் போறவருக்கு உரிய மரியாதையைச் செய்யத்தானே ஆட்டை அறுத்திருக்கு? எனக்குத் தெரியும், போ" என்றார் தோலேகென்.

அவருடைய பேரன் அசில்கான், கஜகஸ்தானின் கரகண்டா நகரத்துப் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் முடித்திருந்தான். வகுப்பில் பாதிப் பேர் வேலைக்கு அலைந்துகொண்டிருக்க, அவனுக்கு மட்டும் வாய்ப்பு வீடு தேடி வந்திருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் படித்து, இன்று ஒரு சுரங்கத்துக்கே இயக்குநராக இருக்கும் கைர்பெக், விருந்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் சரி என்றால் திங்கட்கிழமையே வேலை.

"எங்க பல்கலைக்கழகத்துப் பையன்னா எனக்குத் தனிப் பாசம், பெரியவரே" என்றார் கைர்பெக். "நானும் அங்க ஹாஸ்டல்ல கிடந்து படிச்சவன்தான். கைதூக்கி விட ஒரு நாதி கிடையாது. எல்லாம் சொந்த உழைப்பு."

தோலேகென், விருந்தின் முக்கிய விருந்தாளிக்கே உரிய அவித்த ஆட்டுத் தலையைத் தட்டோடு தூக்கி, அதன் மூக்கு விருந்தாளியைப் பார்க்கும்படி வைத்துக் கத்தியை நீட்டினார்.

கைர்பெக்கின் முகம் மலர்ந்தது. "அடடா, பெரியவர் நீங்க இருக்கும்போது எனக்கா?"

"விருந்தாளி நீங்கதானே. ஆனா ஒண்ணு தம்பி, அப்பா உயிரோட இருந்தா மகன் ஆட்டுத் தலையில கத்தி வைக்கக் கூடாதுங்கறது நம்ம வழக்கம். உங்க அப்பா...?"

குல்சிரா உதட்டைக் கடித்தாள். வேலை கேட்கிற இடத்தில் இதென்ன விசாரணை?

"அவர் போய்ப் பல வருஷம் ஆச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தம்பி."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" கைர்பெக் சிரித்துக்கொண்டே ஆட்டின் கன்னத்தில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டார்.

தோலேகென் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அசில்கான், நீ வேற வேலை தேடிக்கோ."

"சரி தாத்தா" என்றான் அவன், கொஞ்சமும் தயங்காமல்.

"மாமா!" என்று அலறினாள் குல்சிரா. கைர்பெக் மெல்லுவதை நிறுத்தினார்.

தோலேகென் உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"ஓராஸ்பாய், இப்ப வெளியே வாங்க. ஹாஸ்டல் கொதிகலனுக்குக் கரி அள்ளி நீங்க படிக்க வச்ச மகன், உங்களை உயிரோட புதைச்சுட்டு இங்க உட்கார்ந்து விருந்து சாப்பிடறாரு."