இரண்டு பலூன்கள்

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் ஒரு விளக்கு இருந்தது. மாணவர்களின் மனதை அளக்கும் கைப்பட்டைகள் சொல்வதைக் கேட்டு அது நிறம் மாறும். புரிந்தால் பச்சை. குழம்பினால் சிவப்பு; சிவப்பு நீடித்தால் ஒலிபெருக்கியே விடையைச் சொல்லிவிடும். ஆசிரியர்களும் மாணவர்களுக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பச்சையிலேயே காலத்தை ஓட்டினார்கள். அதற்கு ஆண்டுதோறும் விருது வேறு.

இயற்பியல் பேராசிரியை எஸ்தர் கனகமணிக்கு அது வெறுத்துப்போயிருந்தது. அன்று அவர் ஒரு குழாயின் இரு முனைகளிலும் ஊதிய பலூன்களை மாட்டினார். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. நடுவில் ஓர் அடைப்பு.

"இதத் திறந்தா என்ன ஆவும்?"

"பெருசுலேருந்து சின்னதுக்குக் காத்து போவும் மேடம். ரெண்டும் சமமாயிரும்," என்றது வகுப்பு. விளக்கு பச்சை.

எஸ்தர் திறந்தார். சிறிய பலூன் இன்னும் சுருங்கியது; பெரியது மேலும் உப்பியது.

"ஏன்?" என்றான் ஒருவன். பல வருஷங்களில் அந்த அறையில் ஒரு மாணவன் கேட்ட முதல் கேள்வி. விளக்கு சிவந்தது.

வாசலில் நின்ற துறைத்தலைவர் நடேசன் பதறினார். "மேடம், விடையச் சொல்லிப் பச்சைக்குக் கொண்டாங்க. உங்க வேலைக்கு நீங்களே உலை வச்சுக்காதீங்க."

"கொழம்பட்டும் சார். இப்பதான் பாடமே ஆரம்பிக்கு."

"அன்பு மாணவர்களே, இதற்குக் காரணம்..." என்று ஒலிபெருக்கி தொடங்கியது. கடைசி வரிசையிலிருந்து பர்வீன் விறுவிறுவென்று வந்து அதன் வயரைப் பிடுங்கினாள்.

"நீங்களும் சொல்லிராதீங்க மேடம்," என்றாள். "இன்னொருக்கா ஊதுங்க. நாங்களே பாத்துக்கிடுதோம்."