மூன்றாவது அத்தியாயம்

"இன்னொரு தடவை செஞ்சு பாரு, கிளாரா."

ஜீனத் சொன்னதும் கிளாராவுக்குச் சுர்ரென்றது. ஏற்கெனவே ஐந்து தடவை செய்தாயிற்று.

திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் இருவரும் பிஎச்.டி. மாணவிகள். ஜீனத் மூன்று வருடம் சீனியர். நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாயை அடைக்கிறதே ஒரு வழவழப்பான படலம், அதுதான் ஆராய்ச்சி. பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டிக்கொள்ளும் வீடு அது.

'கட்டு' என்று உத்தரவிடுவது பாக்டீரியாவுக்குள் இருக்கும் ஒரு புரதம். இது ஜீனத்தின் கண்டுபிடிப்பு; அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயமே இதுதான்.

அந்தப் புரதத்தை நீக்கிவிட்டு பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்தாள் கிளாரா. படலம் நின்றுபோயிருக்க வேண்டும். மாறாக, இரண்டு மடங்கு தடித்துவிட்டது. அப்படியென்றால் அந்தப் புரதம் 'கட்டு' என்று சொல்லவில்லை. 'போதும், நிறுத்து' என்கிறது.

"அம்புட்டும் பொறாமை தாயி," என்றார் லேப் உதவியாளர் மொக்கைச்சாமி. "வெள்ளிக்கிழமை அந்தப் புள்ள கமிட்டி முன்னாடி பேசணும்ல? அதுவரைக்கும் உன்னைய வாயத் தொறக்க விடாது."

கிளாராவுக்கும் அப்படித்தான் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டாவது தடவையும் செய்தாள். அதே முடிவு. ஜீனத் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை. கிளாரா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், என் மூணாவது அத்தியாயத்தை எடுத்துட்டேன்," என்று ஆரம்பித்தாள் ஜீனத். "அது தப்பு. என் குப்பியில வேற பாக்டீரியா கலந்திருக்கு, நான் கவனிக்கல. அந்தப் புரதம் படலத்தைத் தடுக்குது. கண்டுபிடிச்சது கிளாரா."

பேராசிரியர் ஆண்டனிராஜ் பதறிப்போனார்.

"என்னம்மா இது? பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போயிருமே! திருச்சியில வேலை கெடைச்சிருக்குன்னியே?"

"வர முடியாதுன்னு நேத்தே எழுதிப் போட்டுட்டேன் சார்."

கடைசி வரிசையில் கிளாரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "நாலு வருஷ வேலையைத் தப்புன்னு ஒரு ஜூனியர் பொண்ணு சொன்னா, அதை எப்படிம்மா நம்புறது?"

ஜீனத் எண்களைக் குறித்து வைத்திருந்த தாளை அவரிடம் நீட்டினாள்.

"இப்படி யாராவது கேப்பீங்கன்னு தெரியும் சார். அதான் அவளை எட்டு தடவை செய்ய வச்சேன்."