வரி: பூஜ்யம்

"காலையில போனைத் திறந்தா உங்க திரைச்சீலை. மதியம் திறந்தாலும் உங்க திரைச்சீலை. இத்தனை விளம்பரம் குடுக்கறீங்களே, அதுக்கெல்லாம் வரி கட்டினீங்களா?"

எதிர்க்கடைக்காரர் நடுத்தெருவில் நின்று கேட்டார். அவரும் திரைச்சீலைதான் விற்கிறார். இரண்டு கடைக்கும் மூன்று வருடமாகப் பேச்சே கிடையாது. இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார், அதுவும் துணி பார்க்க வந்த நாலு பேர் முன்னால்.

கடைக்காரம்மா கையிலிருந்த அளவு டேப்பைக் கீழே வைத்தாள்.

"விளம்பரக் கம்பெனி பில்லுல போட்ட தொகையை ஒண்ணு விடாம கட்டியிருக்கேன்."

"நான் கேட்டது வரி. தைரியம் இருந்தா வரி ஆபீஸ்ல போய்க் கேட்டு, பாக்கி இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க, பார்ப்போம்."

துணி பார்க்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது போதாதா அவளுக்கு?

"என்னங்க, அந்த பில் ஃபைலை எடுங்க."

"இப்பவேவா? அந்தாளு ஏதோ உளறினா நாம எதுக்கு..." என்று கணவர் இழுத்தார். எதையும் இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

"இப்பவேதான். எழுதி வாங்கிட்டு வந்து அவர் கடை வாசல்லயே ஒட்டறேன்."

வரி அலுவலகத்தில், கண்ணாடி போட்ட பெண் அதிகாரி பதினெட்டு மாத பில்லையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கீழே வரின்னு ஒரு கட்டம் இருக்கே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம். எல்லாத்துலயும் பூஜ்யம்தான்."

"ஏன் பூஜ்யம்?"

"வரி கிடையாது, அதனால."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"விளம்பரம் போடற கம்பெனி வெளிநாட்டுல இருக்கு. நீங்க உங்க கடையோட வரி எண்ணைக் குடுத்திருக்கீங்க. குடுத்தா அவங்க வரி வாங்க மாட்டாங்க. விளம்பரம் வாங்கின கடைதான் கணக்குக் காட்டிக் கட்டணும்."

கடைக்காரம்மா பில்லைத் தன் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தாள். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே இத்தனை மாதமாக நிம்மதியாக இருந்தாள்.

"அபராதம் வருமா மேடம்?"

"உங்க தெருவுல சோதனை ஆரம்பிச்சாச்சு. ரெண்டு நாள்ல உங்க கடைக்கு வந்திருப்போம். நாங்களா கண்டுபிடிச்சா மூணு மடங்கு."

மூணு மடங்கு என்றால் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். கணவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"ஆனா நீங்களாவே வந்துட்டீங்களே. அபராதம் கிடையாது. வரியை மட்டும் கட்டுங்க. அதையும் உங்க விற்பனை வரியில கழிச்சுக்கலாம்."

கணவர் விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த பில் ஒன்று பறந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

வரியைக் கட்டி முடித்துத் தெம்பு வந்ததும் எதிர்க்கடை ஞாபகமும் கூடவே வந்துவிட்டது.

"ரசீதுல பெரிசா முத்திரை குத்திக் குடுங்க மேடம். எங்க எதிர்க்கடைக்காரர்கிட்ட காட்டணும். நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டார்."

முத்திரையை எடுத்த அதிகாரி அப்படியே நிறுத்தினார்.

"போன வாரம் ஒருத்தர் இதே நாற்காலியில உட்கார்ந்து மூணு மடங்கு கட்டிட்டுப் போனார். 'தானா வந்து சொன்னா அபராதம் இல்லையா?'னு ரெண்டு தடவை கேட்டார். அபராதம் இல்லைன்னேன்."

"அதுக்கென்ன மேடம்?"

"'எங்க எதிர்க்கடையிலயும் இதே தப்பு நடந்திருக்கும். நல்லபடியா சொன்னா அந்தம்மா காதுல போட்டுக்காது, ரோஷத்தைக் கிளப்பி அனுப்பி வைக்கிறேன்'னு சொல்லிட்டுப் போனார்."